கி.பி. 620கள்: ஹெராக்ளியஸ் வென்றாரா, குஸ்ரோ தானாக விழுந்தாரா?

ஓலைநறுக்கு:

கி.பி. 620 முதல் 630 வரையிலான பத்தாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதாநாயகனைப் பிடித்துக்கொள்கிறார்கள்: கிழக்கு ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ். 613இல் டமாஸ்கஸ் பாரசீகர் கைக்குப் போயிற்று, 614இல் எருசலேம் போயிற்று, 619இல் அலெக்சாந்திரியாவும் போயிற்று. அப்படிப்பட்ட நிலையில் 622 ஏப்ரலில், ஈஸ்டருக்கு மறுநாள், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து புறப்பட்ட மனிதர் ஆறே ஆண்டுகளில் பாரசீகத்தின் குரல்வளையைப் பிடித்துவிட்டார் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் கட்சி வேறு. பாரசீகப் பேரரசர் இரண்டாம் குஸ்ரோவை வீழ்த்தியது அவருடைய சொந்த அரண்மனை. 602இல் ஃபோகாஸ் என்ற படைவீரர் மாரீஸ் பேரரசரைக் கொன்று அரியணை ஏறினார் அல்லவா, அந்த மாரீஸ்தான் 591இல் குஸ்ரோவுக்கு அவருடைய நாட்டையே மீட்டுக் கொடுத்தவர். அவருக்காகப் பழிவாங்குகிறேன் என்று குஸ்ரோ தொடங்கிய போர், 610இல் ஃபோகாஸ் ஒழிந்த பிறகும் நிற்கவில்லை. 615இல் கான்ஸ்டாண்டிநோபிளின் செனட் சபை சமாதானம் கேட்டு அனுப்பிய தூதர்களைச் சிறையில் போட்டார்கள். கால் நூற்றாண்டு வரி, கால் நூற்றாண்டு படைத் திரட்டல். 628 பிப்ரவரியில் பிரபுக்கள் அவர் மகன் ஷீரோயேவை முன்னிறுத்தி அவரைச் சிறைப்பிடித்துக் கொன்றார்கள். ஹெராக்ளியஸ் பாரசீகத் தலைநகரான டெசிபோனுக்குள் காலடி வைக்கவே இல்லை. கனிந்து விழுந்த பழத்துக்கு மரமேறியவர் என்று பட்டம் கட்ட வேண்டுமா?

கோட்டைச்சுவர்:

நண்பர் ஓலைநறுக்குக்கு, அரண்மனைச் சதி நடந்தது சரி. ஆனால் அது ஏன் 618இலோ 622இலோ நடக்கவில்லை? அப்போதும் அதே வரி, அதே குஸ்ரோ. வென்றுகொண்டிருக்கும் அரசனின் மீது பிரபுக்கள் கைவைப்பதில்லை. 627 டிசம்பர் 12 அன்று நினிவே அருகே பாரசீகத் தளபதி ராஹ்ஸாத் களத்தில் விழுந்தார். 628 ஜனவரியில் குஸ்ரோவின் தஸ்தகிர்த் அரண்மனை கொள்ளை போயிற்று. பிப்ரவரி கடைசியில் குஸ்ரோ இல்லை. இந்த மூன்றுக்கும் இடையிலான தொடர்பைப் பார்க்க மறுத்தால் நான் என்ன செய்வது?

அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள். 624இல் ஹெராக்ளியஸ் சிரியாவை மீட்கப் போகவில்லை. ஆர்மீனியா வழியாக நேரே பாரசீகத்தின் வடமேற்கு மாகாணமான அத்ரபாத்தகானுக்குள் நுழைந்து பாரசீகரின் பெரும் நெருப்புக்கோயிலை அழித்தார். 625இல் ஷஹர்பராஸ், ஷாஹீன், ஷாஹ்ரப்லகான் என்று மூன்று தளபதிகளின் படைகள் அவரைத் துரத்தின. மூன்றும் ஒன்று சேருவதற்குள் தனித்தனியாக அடித்தார். 626இல் நாடோடிக் குதிரைவீரர்களான அவார்கள் ஐரோப்பியக் கரையில் தலைநகரை முற்றுகையிட்டார்கள், எதிர்க்கரையான கல்சிடோனில் ஷஹர்பராஸ் நின்றார். வேறு எந்த அரசனாக இருந்தாலும் வீட்டைக் காக்க ஓடி வந்திருப்பான். இவர் ஒரு பகுதிப் படையை மட்டும் அனுப்பிவிட்டுக் கிழக்கிலேயே இருந்தார். அந்த நெஞ்சுரத்துக்குப் பெயர் அதிர்ஷ்டமா?

ஓலைநறுக்கு:

626ஐ நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. நகரத்தைக் காத்தவர்கள் யார்? தளபதி போனஸ், மதகுரு செர்ஜியஸ், இருநூறு ஆண்டுப் பழமையான தியோடோசியஸ் மதில்கள், நீரிணையைக் கையில் வைத்திருந்த கப்பற்படை. அவார்களோடு வந்த ஸ்லாவியரின் மரத்தோணிகள் நொறுக்கப்பட்டு மிதந்த அந்த ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேரரசர் எங்கேயோ மலைகளில் இருந்தார். பாரசீகப் படையால் இக்கரைக்கு வர முடியவில்லை, ஏனென்றால் அவர்களிடம் அங்கே கப்பல் இல்லை. ஊரில் இல்லாதவருக்கு ஊரைக் காத்த பெருமை எப்படிச் சேரும்?

நாணயப்பெட்டி:

இரண்டு பேரும் வாளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாளுக்குக் கூலி கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எகிப்து போனதோடு தலைநகரத்துக்கு வந்துகொண்டிருந்த தானியம் நின்றது. 618இல் நூற்றாண்டுகளாக நடந்துவந்த இலவச ரொட்டி நின்றுபோயிற்று. மனம் வெறுத்த ஹெராக்ளியஸ் கார்த்தேஜுக்கே குடிபெயர எண்ணினார் என்றும், செர்ஜியஸ்தான் அவரைத் தடுத்து உறுதிமொழி வாங்கினார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் நிகிபோரஸ் எழுதியிருக்கிறார். பிறகு அதே செர்ஜியஸ் தேவாலயங்களின் தங்கத்தையும் வெள்ளியையும் கடனாகக் கொடுத்தார். திருவிளக்கும் திருக்கலசமும் உருகிக் காசாயின. 615இல் வெளிவந்த 'ஹெக்ஸாகிராம்' என்ற வெள்ளி நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் நடுக்கம் தெரியும். ஒரு பக்கம் ஹெராக்ளியஸும் அவர் மகனும் அமர்ந்திருப்பார்கள். மறுபக்கம் படிகளின் மேல் சிலுவை, சுற்றிலும் இலத்தீனில் 'கடவுளே, ரோமருக்கு உதவும்' என்று பொறித்திருக்கும். பேரரசின் காசில் வழக்கமாக வெற்றி முழக்கம் இருக்கும். இங்கே இருப்பது மன்றாட்டு. அரசு ஊழியர், படையினர் சம்பளமும் பாதியாயிற்று.

என்னைக் கேட்டால், பாதிச் சம்பளத்தில் ஒரு படையை ஆறு ஆண்டுகள் கலையாமல் வைத்திருந்ததுதான் ஹெராக்ளியஸின் பெரிய சாதனை. நினிவே அதற்கு அடுத்தது.

வடகாற்று:

மேற்குத் துருக்கியரை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். 627இல் திபிலிசி மதிலுக்கு வெளியே ஹெராக்ளியஸ் யாருடைய தலையில் தன் சொந்த மகுடத்தைக் கழற்றி வைத்தார்? துருக்கியத் தலைவருடைய தலையில். மகள் யூடோகியாவின் உருவப்படத்தைக் காட்டிப் பெண் தருவதாகவும் சொன்னார். காக்கேசியப் பகுதியில் பாரசீகக் காவலை உடைத்தவர்கள் அந்தக் குதிரைவீரர்கள்தான்.

அதே துருக்கியரின் கிழக்குக் கிளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பத்தாண்டின் மையம் எங்கே என்று புரியும். 626 ஜூலையில் சீனத் தலைநகர் சாங்கானின் சுவான்வு வாசலில் லி ஷிமின் தன் அண்ணனையும் தம்பியையும் கொன்றார். செப்டம்பரில் தாய்சோங் பேரரசராக அரியணை ஏறினார். அவர் ஏறிய சில நாள்களிலேயே கிழக்குத் துருக்கியரின் இல்லிக் ககான் வெய் ஆற்றுப் பாலம்வரை வந்துவிட்டார். பொருள் கொடுத்துத்தான் திருப்பி அனுப்ப முடிந்தது. நான்கு ஆண்டுகள் காத்திருந்து 630இல் தாய்சோங் அந்த ககானையே சிறைப்பிடித்தார். கான்ஸ்டாண்டிநோபிள், டெசிபோன், சாங்கான் ஆகிய மூன்று அரசவைகளும் ஒரே புல்வெளியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலம் இது. நீங்களோ ஹெராக்ளியஸா குஸ்ரோவா என்று இரண்டு பேரோடு நிறுத்திவிட்டீர்கள்.

கோட்டைச்சுவர்:

துருக்கியர் உதவினார்கள், யார் மறுத்தது? ஆனால் குளிர்காலம் நெருங்கியதும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிற்கால வரலாற்றாசிரியர் தெயோபானிஸ் அதைத் தெளிவாகச் சொல்கிறார். நினிவேயில் நின்றது ரோமப் படை மட்டும். பனிக்காலத்தில் படை நடத்த மாட்டார்கள் என்று குஸ்ரோவின் ஆள்கள் எண்ணியிருந்த மாதத்தில் ஹெராக்ளியஸ் ஸாப் ஆற்றைக் கடந்து போனார்.

செப்பேடு:

கோட்டைச்சுவர் தம்பிக்கு ஒரு கேள்வி. இந்த வீரச்செயல்களெல்லாம் நமக்கு எந்த வாய் வழியாக வருகின்றன?

ஹெராக்ளியஸிடம் பிசீடியாவைச் சேர்ந்த ஜார்ஜ் என்றொரு கவிஞர் இருந்தார். ஹாகியா சோபியா தேவாலயத்தின் டீக்கன். பாரசீகப் படையெடுப்பை அவர் கவிதையாகப் பாடினார். பின்னால் எழுதிய தெயோபானிஸ் அந்தக் கவிதைகளைத் தாராளமாக எடுத்துக் கையாண்டிருக்கிறார். நினிவேயில் பேரரசர் தன் கையாலேயே ராஹ்ஸாதின் தலையைக் கொய்தார் என்ற கதையெல்லாம் அந்தச் சூழலில் விளைந்ததுதான்.

நமக்கு இது புதிதா? அதே தலைமுறையில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசிக்கு ரவிகீர்த்தி இருந்தார். 634ஆம் ஆண்டு அய்ஹோளெ மேகுடிக் கோயில் சுவரில் அவர் பொறித்த பாட்டில், தான் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகர் என்று தன்னையே புகழ்ந்துகொண்டார். அந்த அடக்கம் உள்ளவர்தான், புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் மறைந்தான் என்றும் எழுதினார். இந்தப் பக்கம் வாருங்கள். பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவர்களை அழித்தான் என்கிறது. பகைவரின் பெயரைச் சொல்லாமல் விட்டதும் கவனிக்கத்தக்கது. இரண்டு பக்கமும் வெற்றி. மகேந்திரவர்மன் காஞ்சியை இழக்கவில்லை, ஆனால் வடக்கே நிலத்தை இழந்தார் என்று இரண்டையும் உரசிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஹெராக்ளியஸ் விஷயத்தில் உரசிப் பார்க்க எதிர்த்தரப்புக் கல்வெட்டு கிடையாது. குஸ்ரோவின் கவிஞர்கள் 627ஐப் பற்றி என்ன பாடியிருப்பார்கள்?

பயணப்பை:

புலிகேசி என்றதும் நினைவுக்கு வருகிறது. அவருக்கும் குஸ்ரோவுக்கும் தூது உறவு இருந்தது. அஜந்தா முதல் குகையில் பாரசீகத் தூதர்களைப் புலிகேசி வரவேற்கும் ஓவியமே இருக்கிறதே. பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம்.

செப்பேடு:

தூது வேறு, ஓவியம் வேறு. அந்த ஓவியம் வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தது, அதாவது ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. புலிகேசி அப்போது பிறக்கவே இல்லை.

தூதுக்குச் சான்று அரபியில் எழுதிய அல் தபரியின் வரலாறு. அதுதான் ஓவியத்தைவிடச் சுவையானது. சிறையில் இருக்கும் குஸ்ரோ, தன் மகன் ஷீரோயே அனுப்பிய குற்றப்பட்டியலுக்குப் பதில் சொல்லுமிடம். என் 36ஆம் ஆட்சியாண்டில் இந்திய அரசன் எங்கள் எல்லோருக்கும் பரிசும் கடிதமும் அனுப்பினான், உனக்கு யானையும் வாளும் வெள்ளை வல்லூறும் வந்தன, உனக்கு வந்த கடிதத்தில் என் 38ஆம் ஆட்சியாண்டில் நீ முடிசூடுவாய் என்று எழுதியிருந்தது என்கிறார் தந்தை. அந்த இந்திய அரசன் புலிகேசிதான் என்று ஜெர்மன் ஆய்வாளர் நோல்டெகே அடையாளம் கண்டார். நூறு சதவீதம் முடிந்த வழக்கல்ல என்றாலும், அப்படியானால் வாதாபியிலிருந்து பார்த்தவருக்குக்கூட அந்த வீட்டில் அடுத்த கை யாருடையது என்று தெரிந்திருக்கிறது.

ஓலைநறுக்கு:

செப்பேடு அக்காவுக்கு என் வணக்கம். என் வழக்கறிஞரே வந்துவிட்டார். அந்தக் குற்றப்பட்டியலை முழுதாகப் படித்துப் பாருங்கள்: கொடிய வரி, வீரர்களை ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களைப் பிரித்து எல்லையிலேயே நிறுத்தியது. நினிவேத் தோல்வி அதில் தலைப்புச் செய்தி அல்ல. அரசி ஷீரின் பெற்ற மகன் மர்தான்ஷாவுக்கு முடிசூட்டக் குஸ்ரோ திட்டமிட்டதுதான் நெருப்பை மூட்டியது. குடும்பச் சண்டை.

கோட்டைச்சுவர்:

குடும்பச் சண்டை எல்லா ஆண்டும் இருக்கும். எதிரி தலைநகரத்துக்குப் பக்கத்தில் வந்து தஸ்தகிர்த்தை எரிக்கும் ஆண்டில்தான் அது புரட்சியாகும். அந்த அரண்மனையில் அவர்கள் எடுத்தவற்றைத் தெயோபானிஸ் அடுக்குகிறார்: பழைய போர்களில் பறிகொடுத்த 300 ரோமக் கொடிகள், அகில் கட்டைகள், பட்டு, சர்க்கரை, இஞ்சி, மிளகு. (மிளகு எந்தக் கரையிலிருந்து போயிருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.) இவ்வளவையும் விட்டுவிட்டு அரசன் இரவோடிரவாக ஓடினால், பிரபுக்களுக்கு வேறு என்ன அறிவிப்பு வேண்டும்?

ஓலைநறுக்கு:

சரி, வென்றார் என்றே வையுங்கள். என்ன வென்றார்? பாரசீகர் எடுத்துப்போயிருந்த திருச்சிலுவையை எருசலேமுக்கு 630இல் திருப்பிக் கொண்டுவந்தார். எதிரில் ஷீரோயே தன் சகோதரர்களையெல்லாம் கொன்றுவிட்டு, சில மாதங்களிலேயே கொள்ளைநோயில் போய்விட்டார். அடுத்து ஏழு வயதுச் சிறுவன். அவனைக் கொன்று தளபதி ஷஹர்பராஸ், நாற்பது நாள் போல. பிறகு போரான், அஸர்மிதுக்த் என்று இரண்டு அரசிகள். 632இல் மூன்றாம் யஸ்தகர்த் வரும்போது ஆள்வதற்கு மிச்சம் அதிகமில்லை.

இரண்டு அரசுகளும் தங்கள் அரபு எல்லைக்காவலைத் தாங்களே கெடுத்துக்கொண்டதையும் சேருங்கள். ரோமர் தங்கள் பக்கத்து அரபுக் குலமான கஸ்ஸானியரின் தலைவர் முந்திரை நாடு கடத்தினார்கள், குஸ்ரோ தன் பக்கத்து அரபு அரசான ஹீராவின் மன்னர் நுஅமானைக் கொன்று அந்த அரசையே கலைத்தார். ஹெராக்ளியஸ் புறப்பட்ட அதே 622இல்தான் முகம்மது நபி மதீனாவுக்குப் பெயர்ந்தார். மக்காவில் இருந்தவர்கள் இந்தப் போரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குக் குர்ஆனின் 30ஆம் அத்தியாயமே சான்று. ரோமர் தோற்றார்கள், சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று தொடங்குகிறது. ஹெராக்ளியஸ் சமாதானத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த 629இலேயே மூத்தாவில் முஸ்லிம் படையோடு முதல் மோதல். 636இல் யர்மூக் போரில் அவர்களிடம் தோல்வி, சிரியா போயிற்று. மீட்டதை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க முடியாதவரை மாவீரர் என்கிறீர்கள்.

கோட்டைச்சுவர்:

636ஐக் கையில் வைத்துக்கொண்டு 628ஐ எடைபோடுகிறீர்கள். 628இல் டைக்ரிஸ் கரைபுரண்டு ஈராக்கின் பாசனக் கரைகள் உடைந்ததும், ஷீரோயேவின் கொள்ளைநோய் பரவியதும் ஹெராக்ளியஸின் திட்டமா? மூத்தாவில் மோதிய படை சில ஆயிரம் பேர் கொண்டது, அது திரும்பியும் போய்விட்டது. அதைப் பார்த்து யர்மூக்கை ஊகித்திருக்க வேண்டும் என்றால், புள்ளலூரைப் பார்த்துப் புலிகேசி 642இல் வாதாபி எரியப்போவதை ஊகித்திருக்க வேண்டும்.

செப்பேடு:

தம்பி, புலிகேசி ஊகிக்கவில்லை என்பதுதான் கதையே. அதற்குத்தான் உயிரைக் கொடுத்தார்.

நாணயப்பெட்டி:

ஊகம் இருக்கட்டும், கடன் என்ன ஆயிற்று? வெற்றிக்குப் பிறகு ஹாகியா சோபியாவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையாகத் திருப்பித் தர ஹெராக்ளியஸ் ஏற்பாடு செய்தார். சிரியாவும் எகிப்தும் மீண்டும் வரி கட்டும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. எல்லையில் காவலிருந்த அரபுக் குழுக்களுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திய கதையையும் தெயோபானிஸ் சொல்கிறார்: படைக்கே சம்பளம் இல்லை, உங்களுக்கு எங்கே என்று ஓர் அதிகாரி விரட்டினாராம். அவர்கள் போய்க் காஸாவுக்கு வழிகாட்டினார்கள். ஓலைநறுக்கு இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கோட்டைச்சுவர் அந்த அதிகாரியின் கணக்கில் எழுதட்டும்.

ஓலைநறுக்கு:

அந்த அதிகாரிக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று கோட்டைச்சுவர் முதலில் சொல்லட்டும்.