லாகின் ஆகுது, ரெண்டு கிளிக் தள்ளி வெளிய தள்ளுது (ஃபிளாஸ்க்)

தண்ணிகேன்_மதுரை:
வணக்கம் மக்களே. எங்க மாமா மதுரைல கேன் தண்ணி சப்ளை பண்றாரு, ரெண்டு குட்டியானை, மூணு லைன் பசங்க. எத்தன கேன் போட்டோம், எத்தன காலி கேன் திரும்பி வந்துச்சு, யாரு எவ்ளோ பாக்கின்னு நோட்டுல எழுதிட்டு இருந்தத நான் ஃபிளாஸ்க் (பைத்தான்ல வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்), எஸ்கியூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கற டேட்டாபேஸ்) வச்சு ஒரு வெப் ஆப்பா பண்ணி குடுத்தேன். லாகினே இல்லாம ரெண்டு மாசம் ஓடுச்சு. போன வாரம் யாரோ ஒரு கஸ்டமரோட பாக்கிய சைபர் ஆக்கிட்டாங்க, யாருன்னு கேட்டா மூணு பேரும் நான் இல்லங்கறாங்க, மாமா என்னைய பிடிச்சு ஏறிட்டாரு.

சரின்னு நானே லாகின் எழுதுனேன், லைப்ரரி எதுவும் போடல. யூசர் டேபிள், பாஸ்வேர்ட எம்டி5 ஹாஷ் பண்ணி (நேரா படிக்க முடியாத குறியீடா மாத்தி) வச்சிருக்கேன் (இப்போதைக்கு அவனவன் செல் நம்பர் தான் பாஸ்வேர்ட்), லாகின் ஆனா செஷன்ல (யாரு உள்ள வந்திருக்கான்னு ஆப் நெனப்பு வச்சுக்கறது) யூசர் ஐடி, ஒவ்வொரு பேஜ்லயும் அது இருக்கான்னு பாத்து இல்லன்னா லாகின் பேஜுக்கு அனுப்புது. லேப்டாப்ல பக்காவா ஓடுது. சர்வர்ல ஏத்தி ஜியூனிகார்ன்ல (ஆப்ப சர்வர்ல ஓட்டற புரோக்ராம்) 4 வொர்க்கர் வச்சு ஓட்டுனா லாகின் ஆகுது, ரெண்டு கிளிக் தள்ளி திரும்ப லாகின் பேஜ், அங்கருந்து ஹோமுக்கு போனா சில நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி உள்ள விடுது. குக்கி பிரவுசர்ல அப்படியே தான் இருக்கு. ரெண்டு நாளா மண்டை காயுது. ஃப்ரெண்டு ஒருத்தன் செஷனெல்லாம் பழசு, ஜேடபிள்யூடிக்கு (சர்வர் சைன் பண்ணி குடுக்கற டோக்கன்) மாறுங்கறான். இன்னொருத்தன் ஓடிபி வைங்கறான். எது பண்றது?

செமிகோலன்:
சீக்ரெட் கீ எப்படி வச்சிருக்கீங்க?

தண்ணிகேன்_மதுரை:
ஒரு டுடோரியல்ல பாத்து போட்டது ப்ரோ. சீக்ரெட் கீ ஈக்வல் டு ஓஎஸ் டாட் யூரேண்டம் 24. ரேண்டமா இருந்தா தான் சேஃப்னு சொல்லிருந்தாங்க.

செமிகோலன்:
அதே தான். ஃபிளாஸ்க் செஷன சர்வர்ல எங்கயும் வைக்காது, உள்ள இருக்கறத குக்கியிலயே எழுதி அந்த கீயால ஒரு சீல் அடிச்சு பிரவுசர்கிட்ட குடுத்துடும். உங்க 4 வொர்க்கரும் தனித்தனி ப்ராசஸ், ஒவ்வொண்ணும் ஸ்டார்ட் ஆகும்போது அந்த லைன ஓட்டி தனக்குன்னு ஒரு புது கீ உண்டாக்கிக்குது. ஆபீஸ்ல நாலு கிளார்க், ஆளுக்கொரு சீல்னு வைங்க, ஒருத்தர் அடிச்சத இன்னொருத்தர் போலின்னு தூக்கி போடுவாரு. லாகின் பண்ணுன அதே வொர்க்கர்கிட்ட போனா மட்டும் உள்ள விடும். லேப்டாப்ல ஒரே ப்ராசஸ், அதான் தெரியல.

பைத்தானோட சீக்ரெட்ஸ் மாட்யூல்ல டோக்கன் ஹெக்ஸ் ஃபங்ஷன ஒரே ஒரு தடவை ஓட்டி, வர்ற நீள ஸ்ட்ரிங்க சர்வர்ல என்விரான்மென்ட் வேரியபிளா (கோடுக்கு வெளிய வைக்கற செட்டிங்) போட்டு, கோட் அத படிக்கற மாதிரி வைங்க. கிட்ஹப்ல ஏத்திடாதீங்க, அந்த கீ கெடைச்சா எவன் வேணா மாமா பேர்ல குக்கி செஞ்சுக்கலாம். இன்னொண்ணு, அது வெறும் சீல் தான், உள்ள என்ன எழுதிருக்குன்னு யாரும் படிக்கலாம், அதனால செஷன்ல யூசர் ஐடி தவிர வேற எதுவும் வைக்காதீங்க.

பழைய_பிஎச்பி:
ஜேடபிள்யூடி வேண்டவே வேண்டாம் தம்பி. மூணு பையன், ஒரு மாமா, ஒரு சர்வர், இதுக்கு எதுக்கு அது. அத குடுத்துட்டா எக்ஸ்பைரி ஆகற வரைக்கும் செல்லும், ஒரு பையன் வேலைய விட்டு நின்னுட்டான்னா அவன் போன்ல இருக்கறத நீ போய் புடுங்க முடியாது, அதுக்கு தனியா ஒரு பிளாக் லிஸ்ட் வைக்கணும், அப்ப சுத்தி வந்து செஷன் தான. நெறைய பேர் அத லோக்கல் ஸ்டோரேஜ்ல (பிரவுசருக்குள்ளயே இருக்கற சேமிப்பு) வேற வைக்கறான், பேஜ்ல ஒரு எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (வெளியாள் ஸ்கிரிப்ட்ட உள்ள ஓட விடற ஓட்டை) இருந்தா ஜாவாஸ்கிரிப்ட்ல அள்ளிட்டு போயிடலாம். ஃபிளாஸ்க் செஷன் குக்கி டீஃபால்ட்டா எச்டிடிபி ஒன்லி, ஸ்கிரிப்ட் தொட முடியாது.

ஆனா இந்த குக்கியையும் சர்வர்லருந்து செல்லாம ஆக்க முடியாது, அது நெனப்புல இருக்கட்டும். யூசர் டேபிள்ல ஆக்டிவ்னு ஒரு ஃபீல்டு வச்சு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் டேபிள்லருந்து ஆள எடுத்து பாரு. நின்னுட்டான்னா சைபர் போடு, அடுத்த கிளிக்ல வெளிய.

எச்டிடிபிஎஸ் போட்டுட்டியா? அதுக்கு வேண்டிய சர்டிபிகேட் லெட்ஸ் என்கிரிப்ட்ல ஃப்ரீ தான். போட்டப்புறம் குக்கிக்கு செக்யூர் ஆன் பண்ணு (எச்டிடிபிஎஸ்ல மட்டும் போகும்), சேம்சைட் லாக்ஸ் வை (வேற சைட்லருந்து அனுப்பற ஃபார்ம் கூட போகாது). முன்னாடியே செக்யூர் ஆன் பண்ணிட்டா குக்கியே நிக்காது, மறுபடி இங்க வந்து அழுவ.

நைட்ஷிப்ட்_அக்கா:
பாஸ்வேர்ட் பத்தி யாரும் பேசல, அதான் பயமா இருக்கு. நம்மூர் செல் நம்பர் 10 இலக்கம், 6லருந்து 9க்குள்ள ஆரம்பிக்கும், மொத்தமே 400 கோடி நம்பர் தான். எம்டி5 வேகமா ஓடறதுக்குன்னே செஞ்சது, ஒரு நல்ல கேமிங் கார்டு நொடிக்கு 1000 கோடிக்கு மேல போட்டு பாக்கும். உங்க டேபிள் வெளிய போச்சுன்னா டீய ஆத்தறதுக்குள்ள மூணு பேரு நம்பரும் வந்துடும். சால்ட் (ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி பாஸ்வேர்ட் கூட சேக்கற ரேண்டம் எழுத்து) சேத்தாலும் இவ்ளோ கம்மி நம்பருக்கு எம்டி5 தாங்காது.

ஃபிளாஸ்க் கூடவே வெர்க்ஸ்யூக்னு ஒரு லைப்ரரி வருது, அதுல ஜெனரேட் பாஸ்வேர்ட் ஹாஷ், செக் பாஸ்வேர்ட் ஹாஷ்னு ரெண்டு ஃபங்ஷன் ரெடியா இருக்கு. வேணும்னே மெதுவா ஓடும், ஒவ்வொருத்தருக்கும் தனி சால்ட் அதுவே போட்டுக்கும். நாலு பேர் தான, பழைய ஹாஷ மாத்தற மைக்ரேஷன்லாம் வேணாம், நேர்ல உக்கார வச்சு புதுசு போட சொல்லுங்க.

எஸ்எம்எஸ் ஓடிபி இந்தியாவுல அனுப்பணும்னா டிஎல்டி ரிஜிஸ்ட்ரேஷன் (டெலிகாம் கம்பெனிகள்கிட்ட பதிவு) பண்ணணும், அனுப்பற பேரு, மெசேஜ் டெம்ப்ளேட் எல்லாத்துக்கும் அப்ரூவல் வாங்கணும். நாலு பேருக்காக அந்த அலைச்சல் தேவையில்ல.

இத விட முக்கியமானது ஒண்ணு. லாகின் ஆன பையன் அட்ரஸ் பார்ல கஸ்டமர் 17ங்கறத 18னு மாத்துனா என்ன ஆகும்? நான் முன்னாடி வேல பாத்த எடத்துல பேஸ்லிப் லிங்க் கடைசில எம்ப்ளாயி நம்பர் இருக்கும். ஒருநாள் ஒரு நம்பர் கூட்டி போட்டேன், மேனேஜர் சம்பளம் வந்து நின்னுச்சு. லாகின்லாம் பக்காவா தான் வச்சிருந்தாங்க.

தண்ணிகேன்_மதுரை:
அய்யோ அக்கா. இப்ப பாத்தேன், வருது. எடிட் பட்டன மட்டும் தான் பசங்களுக்கு மறைச்சிருக்கேன், யூஆர்எல் நேரா அடிச்சா பாக்கிய மாத்தவே முடியுது.

பழைய_பிஎச்பி:
பட்டன மறைக்கறது கதவ தொறந்து வச்சு ஸ்க்ரீன் போட்ட மாதிரி. சேவ் பண்ற ஃபங்ஷனுக்குள்ள முதல் வரியிலயே இவன் ஓனரா, இல்ல இந்த கஸ்டமர் இவன் லைன்லயான்னு பாத்து இல்லன்னா 403 (அனுமதி இல்ல) குடு. அப்புறம் பாக்கிங்கற ஃபீல்டையே மாத்த விடாத தம்பி, கேன் போட்டா ஒரு வரி, காசு வந்தா ஒரு வரி, கூட யாரு எப்போன்னு, பாக்கி அதுலருந்து கூட்டி வரட்டும். மூணு பேருக்கும் பொதுவா ஒரே லாகின் குடுத்துடாத, அப்புறம் மறுபடி நான் இல்லம்பானுங்க.

தண்ணிகேன்_மதுரை:
எல்லாருக்கும் நன்றி. கீ மாத்துன உடனே வெளிய தள்றது நின்னுச்சு, காலைலருந்து ஒருதடவ கூட வரல. ஹாஷ் மாத்திட்டேன், லைன் செக் போட்டுட்டேன், வரி வரியா எழுதறது இந்த ஞாயித்துக்கிழம. செஷன பெர்மனென்ட் ஆக்கிட்டேன், டீஃபால்ட்டே 31 நாள் வருது, பசங்க டெய்லி டைப் பண்ண மாட்டானுங்க.

பசங்க மூணு பேரும் ஒழுங்கா புது பாஸ்வேர்ட் போட்டுட்டானுங்க. மாமா தான், கடை என்னுது எனக்கெதுக்கு பாஸ்வேர்டுன்னு ஒரு மணி நேரம் சண்ட. கடைசில ஒண்ணு போட்டாரு. ஒவ்வொரு கேன் ஸ்டிக்கர்லயும் அச்சடிச்சிருக்க கடை நம்பர். நைட்ஷிப்ட் அக்கா, செல் நம்பர் மாதிரி இருந்தா ரிஜெக்ட் பண்ற கோட் எங்க வைக்கறது, ஃபார்ம்லயா சர்வர்லயா?

நைட்ஷிப்ட்_அக்கா:
சர்வர்ல. மாமாவுக்கு தெரியாம வைங்க.