மகனுக்கு ஏடிஎச்டி மருந்து தொடங்கலாமா? குடுத்த ஆக்கள் சொல்லுங்க

உப்புவெளி அம்மா:
மகனுக்கு 8 வயசு, மூண்டாம் ஆண்டு. ஏடிஎச்டி (கவனக்குறைவும் துடியாட்டமும்) எண்டு கிளினிக்கில சொல்லிட்டாங்க. கொப்பியத் திறந்தா திகதி எழுதுறதோட நிண்டுடும். திருகோணமலைக் கோட்டையடிக்குக் கூட்டிக்கொண்டு போனா, மானைக் கண்ட உடனே வாகனம் வருதா எண்டு பாராமப் பாய்வான். வகுப்பில குழப்படிக்காரன் எண்டு பேர் விழுந்திட்டு, பிறந்தநாளுக்குக்கூட ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. பெற்றோருக்கான பயிற்சிக்குப் போனன். வீட்டில கொஞ்சம் பரவாயில்ல, பள்ளிக்கூடத்தில பழைய மாதிரியேதான். இப்ப டொக்டர் மெதில்பெனிடேட் எண்ட மருந்தைத் தொடங்கிப் பாப்பம் எண்டுறார். மாமி ஒரே சத்தம், பிள்ளைய விசராக்கப் போறன் எண்டு. இவர் கட்டாரில, "நீயே யோசிச்சுச் செய்" எண்டுட்டார். பிள்ளை ஏற்கெனவே மெலிவு. பசி குறையும், வளர்த்தி குறையும் எண்டு வாசிச்சதில இருந்து எனக்கு நித்திரை இல்ல. உங்கட பிள்ளைக்கு இதால என்ன கிடைச்சது, என்ன போச்சுது?

நிலாவெளிக் காத்து:
குடுக்காதீங்க தங்கச்சி. நானும் சின்னனில இப்பிடித்தான், இப்ப ரெண்டு போட் வச்சிருக்கிறன். பின்னேரத்தில கடற்கரையில ஓடவிடுங்க, சீனியை நிப்பாட்டுங்க. தானா அடங்கும்.

பாலையூற்று அக்கா:
அண்ணா, ஓடவிடுறது நல்லதுதான், அதோட நான் சண்டை பிடிக்கேல்ல. ஆனா சீனிக் கதை சரியில்ல. எது சீனி, எது சீனியில்லாதது எண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் தெரியாம வச்சுப் பார்த்த ஆராய்ச்சிகளில பிள்ளையளின்ட நடத்தையில வித்தியாசம் வரேல்ல. தானா அடங்குற பிள்ளையளும் இருக்கு, அடங்காம ரோட்டில அடிபடுற பிள்ளையளும் இருக்கு.

தங்கச்சி, என்ட மகனும் மூண்டாம் ஆண்டிலதான் தொடங்கினவன், இப்ப ஓ எல் படிக்கிறான். முதல் நல்லதைச் சொல்றன். குளிசை போட்டு அரை மணி, முக்கால் மணியில வேலை செய்யத் தொடங்கிடும். கிழமைக்கணக்கா காத்திருக்கத் தேவையில்ல. ஒரு கணக்கு முடிய மற்றதுக்குப் போனான். விளையாட்டில தன்ட முறை வரும்வரைக்கும் நிண்டான், அதாலயே ரெண்டு சிநேகிதர் கிடைச்சாங்க. எனக்கு மார்க்ஸ விட அதுதான் பெரிசு.

இனிக் கெட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வரும். அதால காலமை குளிசைக்கு முதலே வயிறு நிறையக் குடுத்துடுவன், முட்டையோ, புட்டும் மீன்குழம்புமோ. மருந்தின்ட வேலை முடிஞ்ச பிறகு பின்னேரம் பசி வரும், அந்த நேரம் பிஸ்கட்டோட விடாம சோறே குடுங்க. சாதாரணக் குளிசை ஏறத்தாழ 4 மணித்தியாலம்தான் நிக்கும். அது விடுற நேரம் ஓட்டோவுக்குள்ள ஒண்டுமில்லாததுக்கு அழுவான், கத்துவான். தெரியாட்டி பயந்திடுவீங்க. ஒருக்கா டோஸ் கூட்டினபோது பிள்ளை பேச்சுமூச்சில்லாம ஒரு மூலையில இருந்தான். ரீச்சருக்குச் சரியான சந்தோசம்! நான் அடுத்த கிளினிக்கிலயே குறைக்கச் சொன்னன். பிள்ளைய பொம்மையாக்கிறதுக்கு இல்ல மருந்து.

வளர்த்தி நிண்டுடாது. வருசக்கணக்கா விடாம எடுத்த பிள்ளையளில சராசரியா ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் குறையுது எண்டு கண்டிருக்கிறாங்க. அது சின்ன விசயம் எண்டு நான் சொல்ல மாட்டன், ஆனா அளந்து பாக்கக்கூடிய விசயம்.

இன்னொண்டு. அமெரிக்காவில 579 பிள்ளையள வச்சுச் செய்த எம்டிஏ ஆராய்ச்சி 1999இல வந்தது. 14 மாசத்தில, கவனக்குறைவுக்கும் துடியாட்டத்துக்கும் நடத்தைப் பயிற்சிய மட்டும் குடுத்ததை விட ஒழுங்காப் பாத்துக் குடுத்த மருந்து கூட வேலை செய்தது. ஆனா 3 வருசத்தில பாத்தபோது அந்த முந்தல் இல்ல. அதால "ஒருக்காத் தொடங்கினா சரி" எண்டு விட ஏலாது. இடைக்கிட டொக்டரோட பேசி நிப்பாட்டிப் பாக்கவேணும், இன்னும் தேவையோ எண்டு. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினைக்காக மட்டும் எண்டா தொடங்காதீங்க. மருந்து இருத்தி வைக்கும், கணக்குப் படிப்பிக்காது.

லிங்கநகர் பாமசிக்காரன்:
அக்கா சொன்னதோட கொஞ்சம். தொடங்க முதல் நிறை, உயரம், நாடித்துடிப்பு, பிரஷர் எடுத்துக் கிளினிக் கொப்பியில எழுதுவிக்கவேணும். குடும்பத்தில ஆரும் இளம் வயசில திடீரெண்டு இதயத்தால செத்திருந்தாலோ, பிள்ளை ஓடேக்க மயங்கி விழுந்திருந்தாலோ டொக்டரிட்ட கட்டாயம் சொல்லுங்க. பிரித்தானிய வழிகாட்டலில 10 வயசும் அதுக்குக் கீழயும் எண்டா நிறை 3 மாசத்துக்கு ஒருக்கா, உயரமும் பிரஷரும் 6 மாசத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லியிருக்கு. பின்னேரம் பிந்திப் போட்டா நித்திரை வராது. நீண்ட நேரம் வேலை செய்யிறதை உடைச்சோ இடிச்சோ குடுக்கக்கூடாது. இது ஒத்துவராட்டி அட்டொமொக்செட்டின் எண்டு வேற இனம் இருக்கு, ஆனா அது பிடிக்கச் சில கிழமை எடுக்கும். டொக்டரின்ட துண்டில்லாம எந்தக் கடையிலயும் கேக்காதீங்க, வீட்டில பூட்டி வையுங்க. 2022இல மருந்துத் தட்டுப்பாட்டில சனம் பட்ட பாடு தெரியும்தானே, அதால கடைசிக் குளிசை முடியும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம முதலே கிளினிக்குக்குப் போங்க.

உப்புவெளி அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. மாமிக்கு அந்த ஓட்டோக் கதையை வாசிச்சுக் காட்டமாட்டன் :) காலமை 7 மணிக்குப் போட்டா 11 மணியோட முடிஞ்சிடுமே, பள்ளிக்கூடத்தில ரெண்டாவது குளிசையை ஆர் குடுக்கிறது? வகுப்பில எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.

பாலையூற்று அக்கா:
நான் அதிபரிட்டயும் வகுப்பு ரீச்சரிட்டயும் மட்டும் தனியச் சொன்னனான். ரீச்சர் ஒப்பிஸில வச்சுத் தண்ணியோட குடுப்பா, பிள்ளையளுக்குத் தலையிடிக் குளிசை எண்டு நினைப்பு. பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளாட்டி நீண்ட நேரத்துக் குளிசை எடுக்கலாமோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்க. வெளியில வாங்குறதெண்டா விலை கூட, அதையும் கேட்டுட்டே முடிவெடுங்க. முதல் குளிசையை சனிக்கிழமை குடுத்துப் பாருங்க, முழுநாளும் பக்கத்தில இருந்து பாக்கலாம்.