அமெரிக்கா வரியால இறால் விலை ஆடுது, அடுத்த குஞ்சு விடலாமா?

வெள்ளாத்துக்கரை:
பரங்கிப்பேட்டை பக்கம் 3 குட்டைல வனாமி இறால் விடுறேன். 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரிய 50 சதவீதமாக்குனாங்கல்ல, உடனே ஏஜென்ட் விலைய இறக்கிட்டாரு, இறால் ரெடியா நிக்குது, ஒரு நாள் தள்ளுனாலும் தீவனமும் கரண்டும் போவுது, வேற வழியில்லாம கொடுத்துட்டேன். இப்ப வீட்டு நகைய வச்சு 3 குட்டையும் விடலாமான்னு யோசிக்கிறேன், சொல்லுங்கண்ணா.

புதுவை_ரவுண்டானா:
தம்பி, நம்ம இறாலுக்குப் பெரிய மார்க்கெட்டே அமெரிக்காதான், சிக்கலே அதுல தான் இருக்கு. நமக்கு 50 போட்டப்ப ஈக்வடாருக்கு 15 தான், அதுவும் இறால் வளர்க்குற நாடு, அவங்க அமெரிக்காவுக்குப் பக்கத்துலயும் இருக்காங்க, வாங்குறவன் அங்க தானே போவான். 2025 ஜூலைல பிரிட்டனோட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஐரோப்பா, ஜப்பானுக்கும் அனுப்புற கம்பெனியா பார்த்து சரக்கு கொடுங்க.

கடலூர்_ஓ.டி:
நகைய வைக்காதீங்க தம்பி, ப்ளீஸ். எங்க மாமா அப்படித்தான் வச்சாரு, வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டையே போச்சு, நகை ஏலத்துக்குப் போயிடுச்சு. ஒரு குட்டைய விடுங்க, 40 நாள் கழிச்சு அடுத்தது, அப்ப எல்லாம் ஒரே விலைல மாட்டாது. குஞ்சையும் கம்மியா விடுங்க, தண்ணிக்குக் காத்து குடுக்குற ஏரேட்டர் மெஷினுக்குக் கரண்டு மிச்சம். அப்புறம் தீவனத்த கடனுக்கு வாங்கிட்டா கடன் கொடுத்தவர்கிட்டயே அவர் சொல்ற விலைக்கு இறாலக் கொடுக்கணும், என்னைக் கேட்டா வரிய விட பெரிய ஆபத்து இதுதான்.

வெள்ளாத்துக்கரை:
தீவனக் கடன் எனக்கும் இருக்குண்ணா. மொதல்ல அத அடைச்சிட்டு ஒரு குட்டை மட்டும் விடுறேன்.