ராட்டினக் குதிரையா, கோயில் வாகனமா?

புதுச்சேரியிலிருந்து கேள்வி:
பழம்பொருள் கடையொன்றில் மரக்குதிரை ஒன்றைக் கண்டேன். முதுகில் கம்பி நுழையும் துளை இருக்கிறது. வலப்பக்கப் பிடரிமயிர் சுருள்சுருளாகச் செதுக்கப்பட்டிருக்க, இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக உள்ளது. கடைக்காரர் கோயில் வாகனம் என்கிறார். வாங்கலாமா?

கடலூரிலிருந்து பதில்:
ஐயா, அது வாகனமன்று என்றே கருதுகிறேன். வீதியுலாவில் இருபுறமும் மக்கள் நின்று தரிசிப்பதால் வாகனத்தின் இரு பக்கங்களையும் ஒன்றுபோலவே செதுக்குவார்கள். குடை ராட்டினத்தில் வெளிப்புறம் மட்டுமே கண்ணில் படும். அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் வலப்பக்கமும், இங்கிலாந்தினுடையவை வலஞ்சுழியாகச் சுற்றுவதால் இடப்பக்கமும் அலங்கரிக்கப்பட்டன.

வில்லியனூரிலிருந்து பதில்:
வயிற்றைத் தட்டிப் பாருங்கள். பலகைகளை ஒட்டி, உள்ளே கூடாக விட்டுத்தான் ராட்டினக் குதிரைகளின் உடலைச் செய்தார்கள். பழைய வண்ணத்தை மட்டும் சுரண்ட விடாதீர்கள். என் குதிரையைத் தச்சர் ஒருவர் அப்படிச் சுரண்டிய வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.