வழக்குல பேரு அடிபட்ட பிரமுகரை ஊர் மலர்ல எப்படி எழுதறதுங்க?

கோபிவாசகன்:
வாசகர் வட்ட வெள்ளிவிழா மலர்ல 'நம்ம பக்கத்துப் பிரமுகர்கள்'னு ஒரு பகுதி வருதுங்க. ஒருத்தர் முன்னாள் எம்எல்ஏ. பள்ளிக்கூடத்துக்கு இடம் குடுத்தவர், பொறகு ஊழல் வழக்குல சிக்குனவர். ஒரு பேப்பர் 'விடுதலை'ங்குது, இன்னொண்ணு 'தண்டனை நிறுத்தி வைப்பு'ங்குது. எதை நம்பறதுங்க?

பவானிக்கரை:
தலைப்பை நம்பி எழுதாதீங்க. தேர்தல் ஆணையத் தளத்துல அவரு வேட்புமனுவோட தாக்கல் பண்ணுன படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை எடுங்க. எந்த ஸ்டேசன், எஃப்ஐஆர் எண், கோர்ட்டு, வழக்கு எண், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டுப் பதிவாச்சான்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பார். அந்த வழக்கு எண்ணை, கோர்ட்டு வழக்கு நிலவரம் காட்டற இ-கோர்ட்ஸ் தளத்துல போட்டுப் பாருங்க. பேரைப் போட்டுத் தேடுனா இனிசியலும் ஆங்கில எழுத்துக்கூட்டும் மாறி வேற ஆளோட வழக்கு வந்து நிக்கும். ஈரோடு மாவட்டத்துல காணோம்னா வழக்கே இல்லைன்னு முடிவு கட்டீராதீங்க, எம்பி எம்எல்ஏ வழக்குக்குச் சென்னையில சிறப்புக் கோர்ட்டு இருக்குது. மேல்முறையீட்டை ஐகோர்ட்டுத் தளத்துல தனியாத் தேடோணும். முக்காவாசிப் பேரு இங்கதான் கோட்டை விடறது.

நொய்யல்:
'விடுதலை'ன்னு போட்டிருந்தா ஜாமீனா, விசாரணைக்கு முந்தியே விடுவிப்பா, விசாரிச்சு நிரபராதின்னு தீர்ப்பான்னு பாருங்க. மூணும் வேற வேற.

தண்டனையை நிறுத்தறதும் குற்றவாளிங்கற தீர்ப்பை நிறுத்தறதும் ஒண்ணில்லீங்க. திமுக மந்திரியா இருந்த பொன்முடியோட சொத்துக்குவிப்பு வழக்கையே எடுத்துக்குங்க. 2023 டிசம்பர்ல சென்னை ஐகோர்ட்டு 3 வருசம் போட்டுது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை அதே கோர்ட்டு 30 நாள் நிறுத்தியும் வெச்சுது. ஆனாலும் எம்எல்ஏ பதவி தப்பலை. 2024 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பையே நிறுத்தி வெச்ச பொறகுதான் மறுபடி மந்திரியானார். அப்பக்கூட அவரு நிரபராதின்னு ஆயிரலை, நிறுத்தம் அவ்வளவுதான். ஊழல் தடுப்புச் சட்டம்னா வெறும் அபராதமே பதவியைப் பறிச்சுரும். பொதுவா மத்தக் குற்றத்துக்கு 2 வருசமோ மேலயோ தண்டனை ஆகோணும்.

பவானிக்கரை:
மலர்ல இருந்து அவரு பேரை நீக்க வேண்டாங்க. இடம் குடுத்தது ஒரு வரி, வழக்கு தனி வரி: எந்தக் கோர்ட்டு, என்னைக்கு, என்ன தீர்ப்பு, மேல்முறையீடு எந்த நிலையில. ரெண்டையும் 'ஆனா' போட்டு முடிச்சுப் போடாதீங்க, படிக்கறவிங்க தீர்மானிச்சுக்குவாங்க. அடியில 'இன்ன தேதி நிலவரப்படி'ன்னு கட்டாயம் போடோணும், மலர் அச்சாகி வர்றதுக்குள்ள நிலைமை மாறிக்கும். தீர்ப்பு வராத வழக்குன்னா 'குற்றம் சாட்டப்பட்டவர்'னு மட்டும். 'கொள்ளையடிச்சவர்'னு எழுதுனா பாரதிய நியாய சன்ஹிதா 356ல அவதூறு வழக்கு வரும், 2 வருசம் வரைக்கும் தண்டனை உண்டு. இன்னொண்ணு, பங்கை மாத்தி எழுதாதீங்க. பெருந்துறை ஈமுக் கோழி முதலீட்டு மோசடிக் கூத்துல விளம்பரத்துல முகம் காட்டுனவங்களையும் கம்பெனி நடத்துனவங்களையும் இன்னமும் ஒரே தராசுல போட்டுப் பேசறாங்க!

கோபிவாசகன்:
மேல்முறையீடு நடக்கறப்பவே காலமாயிட்டாருன்னா?

நொய்யல்:
அதுக்கு ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைப் பாருங்க. 2014 செப்டம்பர் 27ல கீழ்க்கோர்ட்டுல 4 வருசம், 100 கோடி அபராதம். 2015 மே 11ல கர்நாடக ஐகோர்ட்டு விடுவிச்சுது. 2017 பிப்ரவரி 14ல சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து பண்ணுறப்ப அவரு உயிரோட இல்லை. அவரு மேல இருந்த மேல்முறையீடு இறப்பால அற்றுப்போச்சுன்னுட்டாங்க, ஜெயிலுக்குப் போனது மத்த மூணு பேரும். அதனால 'சுப்ரீம் கோர்ட்டு அவருக்குத் தண்டனையை உறுதி பண்ணுச்சு'ன்னு எழுதுனா தப்புங்க. 'குற்றமற்றவர்னு முடிஞ்சுது'ன்னாலும் தப்பு. உங்க ஆளுக்கும் தேதியோட வரிசையா எழுதி, எங்க நின்னுச்சோ அங்கயே நிறுத்திக்குங்க.