இ1 லீஸ்டு லைனுக்கு (வாடகைக்கு எடுத்த தனி டேட்டா லைன்) எந்த ரவுட்டர் கார்டு வாங்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, ஓசூர் ஃபேக்டரிக்கும் சென்னை ஆபீஸுக்கும் நடுவுல 2 எம்பி இ1 லைன் ஓடுது, ரெண்டு பக்கமும் சிஸ்கோ 2811 ரவுட்டர், விக்-1டி சீரியல் கார்டு, வி.35 கேபிள், வெளிய ஒரு ஜி.703 கன்வெர்ட்டர் (இ1 சிக்னலை வி.35க்கு மாத்துற பெட்டி). ஓசூர்ல அந்த கன்வெர்ட்டர் கை வைக்க முடியாத அளவுக்கு சூடாகி அடிக்கடி லைன் போயிடுது, ராத்திரில பில் போட முடியாம லாரி டிரைவருங்க கேட்லயே காத்துக் கிடக்குறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

அதனால இ1ஐ நேரா கார்டுலயே சொருகிடலாம்னு விவிக்2-1எம்எஃப்டி-டி1/இ1 கார்டு ஒண்ணு கடன் வாங்கி, கார்டு டைப் இ1 குடுத்து, டைம்ஸ்லாட் (லைனைப் பிரிக்கிற 64 கே பங்கு) 1-31, க்ளாக் சோர்ஸ் லைன் (டைமிங்கை லைன்ல இருந்தே எடுக்குறது)னு எல்லாம் போட்டுப் பாத்தேன், ஷோ கன்ட்ரோலர் கமாண்டுல லாஸ் ஆஃப் ஃப்ரேம்னு (ஃப்ரேம் அடையாளம் கிடைக்கலன்னு) நிக்குது. சென்னை கன்வெர்ட்டர் அன்ஃப்ரேம்டுல (டைம்ஸ்லாட்டா பிரிக்காம) முழு 2048 கேல ஓடுறதுதான் காரணம்னு நெனைக்கிறேன்.

இப்ப சென்னைல டிப் ஸ்விட்ச் மாத்தி ஃப்ரேம்டு ஆக்கிடவா (ஒரு டைம்ஸ்லாட் ஃப்ரேமிங்குக்கே போயிடும், 1984 கேதான் கிடைக்கும், பரவால்ல), இல்ல அன்ஃப்ரேம்டு எடுக்குற ஜி703 மாடல் கார்டே வாங்கிடவா? ஃப்ரேம்டு போனா சிஆர்சி4 (லைன்ல பிழை வருதான்னு பாக்குற செக்) ரெண்டு பக்கமும் ஆன் பண்ணனுமா? செஞ்சு பாத்தவங்க கான்ஃபிக் போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும், ஞாயித்துக்கிழமைதான் லைனை நிறுத்த விடுவாங்க.