கதையில வர்ற ஆளு வீட்டுக்கு வந்தா

குழு: குற்றாலச் சாரல் 🌧️
ஞாயிறு

ரேவதி 10:12
யாழினிக்கு தமிழ் மிஸ் ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. "நான் சந்திக்க விரும்பும் கதை மாந்தர்". ஆளுக்கு ஒரு பேரு சொல்லுங்க. ஏன்னும் சொல்லணும், சும்மா பேரை மட்டும் போட்டுட்டு ஓடக்கூடாது.

கார்த்தி 10:14
வசந்த். சுஜாதா கதையில வர்ற ஜூனியர் வக்கீல். இதுல யோசிக்க என்ன இருக்கு

சாந்தி அத்தை 10:15
எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு வசந்தா? வெளங்கிரும். மறுநாளே அம்மாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லிருவாங்க 😂

கார்த்தி 10:16
அவளுக்கு இல்ல அத்தை, எனக்கு. தம்புச் செட்டித் தெரு ஆபீஸுக்கு அவன் சீனியர் கணேஷ் கோர்ட்டுக்குப் போயிருக்கற நேரமாப் பாத்துப் போகணும். அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை முழுசா சொல்லுய்யான்னு கேக்கணும். ஆரம்பிப்பான், உடனே யாராவது வாயை மூட வச்சிருவாங்க. காலேஜ்லேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்.

முருகன் சித்தப்பா 10:19
கணேஷ் முதல்ல வந்த "நைலான் கயிறு" 1968. அதுல வசந்தே கிடையாது தெரியுமா? பின்னாடிதான் வந்து ஒட்டிக்கிட்டான். இப்ப எல்லாரும் வசந்த் வசந்த்ங்கறீங்க, பாவம் கணேஷ். பீஸ் வாங்கி வாடகை கட்டறது அவன்தான்.

கார்த்தி 10:20
சித்தப்பா சீனியர் லாயர் பக்கம்தான் பேசுவாரு. எதிர்பார்த்ததுதான்

தென்காசி பெரியப்பா 10:31
[படம்: ரோஜாப்பூவும் காலை வணக்கமும்]

தென்காசி பெரியப்பா 10:33
இப்பத்தான் மேல போயி எல்லாத்தையும் வாசிச்சேன். ஏட்டி ரேவதி, இதுக்கு எதுக்கு வெளியூர் ஆளு? நம்ம மேலகரத்துக்காரரு ஒருத்தரு இருக்காருல்லா.

கார்த்தி 10:34
மேலகரமா? யாரு பெரியப்பா, நம்ம சொந்தமா?

தென்காசி பெரியப்பா 10:41
சொந்தம்னே வச்சுக்கோ. கந்தசாமிப் பிள்ளை. புதுமைப்பித்தன் 1943ல எழுதுன "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்". மெட்ராஸ்ல பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுத முக்குல மனுசன் நிக்காரு. டிராம்ல போனா காலணா மிஞ்சும், வெத்தலை போட்டுக்கிடலாம். பஸ்ல ஏறி கண்டக்டரை கொஞ்ச தூரம் ஏமாத்துனா அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனா வெத்தலை கிடையாது. இந்த மகா கணக்குல மூழ்கி நிக்கும்போது கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேக்காரு. பெறகு ரெண்டு பேருமா ஓட்டலுக்குப் போறாங்க. கடவுள் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு சொக்கிப் போயி எல்லாம் நம்ம லீலைங்காரு. பிள்ளை விடுவாரா? உம்ம லீலை இல்லவே, ஓட்டல்காரன் போட்ட சிக்கரி, உம்ம லீலையை பில்லு கொடுக்கும்போது காட்டும்னுட்டாரு.

சாந்தி அத்தை 10:42
அண்ணன் மூச்சு விடாம டைப் பண்ணிருக்காரு 👏

தென்காசி பெரியப்பா 10:46
இன்னும் இருக்கு. அவரு "சித்த வைத்திய தீபிகை"ன்னு ஒரு பத்திரிகை நடத்துதாரு. அதுக்கு கடவுள்கிட்டயே ஜீவிய சந்தா கேக்காரு பாத்துக்கோ.

கார்த்தி 10:47
கடவுளையே ஆயுள் சந்தாதாரர் ஆக்கப் பாத்தாரா!! எங்க சேல்ஸ் டீம்ல இப்படி ஒரு ஆளு இல்லையே

பெரியம்மா 10:49
வந்தா இவுக கிட்டயும் சந்தா கேப்பாரு. இவுகளும் கட்டிருவாக. ஏற்கெனவே ஒரு மூலிகைப் பத்திரிகைக்குக் கட்டி வச்சு மேலுறையைக் கூட பிரிக்காம அலமாரியில கெடக்கு.

முருகன் சித்தப்பா 10:50
😂😂 மைனி வந்துட்டாங்க

ரேவதி 10:52
பெரியப்பா, கந்தசாமிப் பிள்ளையை விட புதுமைப்பித்தனையே பாக்கலாமே?

தென்காசி பெரியப்பா 10:56
வேண்டாம்மா. அவரு வந்தா நம்மளையே அடுத்த கதையில போட்டு கிழிச்சிருவாரு. காப்பி டம்ளர்லேர்ந்து ரோஜாப்பூ படம் அனுப்புதது வரைக்கும் வந்துரும். 1948ல 42 வயசுல போயிட்டாரு பாவம். அவர்கிட்ட எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல, பக்கத்துல உக்காரத்தான் பயம். பிள்ளைன்னா பேசிக்கிட்டே இருக்கலாம்.

கார்த்தி 10:58
எனக்கு சுஜாதாவைப் பாக்க ஆசைதான். பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல ஓட்டு மெஷின் வேலையும் பாத்துக்கிட்டு, வாரத்துக்கு இத்தனை தொடர்கதையும் எப்படி எழுதினாருன்னு கேக்கணும். நான் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எழுதவே மூணு நாள் ஆகுது

சாந்தி அத்தை 11:05
என் முறை. பூங்குழலி. கோடிக்கரையில படகை எடுத்துக்கிட்டு தன் பாட்டுக்குப் போறாளே, அந்தப் படகுல ஒரு தடவை உக்காரணும். பொன்னியின் செல்வன்ல எல்லாரும் யாருக்காவது ஓலை கொண்டு போறாங்க, இல்லேன்னா யாரையாவது ஒட்டுக் கேக்கறாங்க. அவளுக்கு மட்டும்தான் சொந்தமா ஒரு கடல் இருக்கு.

கார்த்தி 11:06
வந்தியத்தேவன் வேணாமா அத்தை? படத்துல பாத்துட்டு எல்லாரும் அவன் பின்னாடிதான்

சாந்தி அத்தை 11:08
அவன் வந்தா முதல்ல சாப்பாடு கேப்பான், அப்புறம் குதிரை கேப்பான், அப்புறம் நம்ம வீட்டு ரகசியத்தை ஊர் பூரா சொல்லிட்டு வருவான். கடம்பூர் மாளிகையில பண்ணினதை மறந்துட்டியா? விருந்தாளியா வந்தவன் ராத்திரி மறைஞ்சிருந்து ஒட்டுக் கேட்டான்.

முருகன் சித்தப்பா 11:11
அவன் கணக்குலயே வர மாட்டான். நிஜ ஆளு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவியார்னே வெட்டியிருக்கு. பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், நந்தினி இவங்கதான் கல்கி படைச்சவங்க.

பெரியம்மா 11:13
எனக்கு நந்தினியைப் பாக்கணும்.

சாந்தி அத்தை 11:13
மைனி!! வேண்டாம். அவளை வீட்டுக்குள்ள விட்டா அண்ணன் உங்க பேச்சையே கேக்க மாட்டாரு

பெரியம்மா 11:14
இப்ப மட்டும் கேக்காகளாக்கும்.

பெரியம்மா 11:18
சிரிக்காதீங்க. அவ அப்பா யாரு, அந்த வீரபாண்டியன் அவளுக்கு என்ன உறவு, அதை அவ வாயாலயே கேக்கணும். கல்கி ஒரு இடத்துல ஒண்ணு நினைக்க வைக்காரு, இன்னொரு இடத்துல அதை மாத்திருதாரு. அஞ்சு பாகம் படிச்சும் எனக்குத் தீரல. வந்தான்னா ஓவியர் மணியம் போட்ட படத்துல இருக்க அந்தக் கொண்டையை எப்படி முடிஞ்சான்னும் கேப்பேன்.

முருகன் சித்தப்பா 11:23
ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னும் கேட்டுருங்க மைனி. கதையில கல்கி அதை மூட்டமாவே விட்டுட்டாரு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கல்வெட்டுல சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரெல்லாம் இருக்கு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம் வெட்டினது, அவங்க குடும்பத்து நிலத்தை எடுத்துக்கிட்டது சம்பந்தமா. அதுல நந்தினி பேரு வராது.

பெரியம்மா 11:24
வராதுல்லா. அப்ப அவளை ஏன் எல்லாரும் திட்டுதீங்க

ரேவதி 11:26
அந்த பொன்னியின் செல்வன் பைண்டு புக்கு இன்னும் இருக்கா பெரியம்மா? ஆச்சியோட அப்பா பத்திரிகையிலேர்ந்து கிழிச்சுச் சேத்தது

பெரியம்மா 11:29
இருக்கு. ராமபாணம் அரிச்சு ஓரமெல்லாம் ஓட்டை. மைதாப் பசை தடவுன எடத்தைத்தான் பூச்சி முதல்ல தின்னிருக்கு. கதையோட மறுபக்கத்துல தலைவலித் தைலம் விளம்பரம், சோப்பு விளம்பரம் எல்லாம் பாதி பாதியா வரும். சின்ன வயசுல நான் கதையை விட்டுட்டு அந்தப் பாதி விளம்பரத்தோட மீதியைத் தேடிருக்கேன். நாலாம் பாகம் மட்டும் காணோம், யாரு கொண்டு போனீங்கன்னு தெரியும், பேரு சொல்ல மாட்டேன்.

சாந்தி அத்தை 11:29
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி 11:30
அத்தை என்னமோ போட்டு அழிச்சுட்டாங்க 👀

முருகன் சித்தப்பா 11:42
என் ஆளைச் சொல்லிடறேன். நீங்க யாரும் சொல்ல மாட்டீங்க. காதர். அசோகமித்திரனோட "புலிக்கலைஞன்". சினிமா கம்பெனி ஆபீஸுக்கு வாய்ப்புக் கேட்டு வர்ற சோனி மனுஷன். என்ன தெரியும்னா டகர் பாயிட்ங்கறான். டைகர் பைட். வேலை எதுவும் இல்லப்பா, பேரு கொடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க. அவன் கேக்காம புலி மூஞ்சியை மாட்டிக்கிட்டு அந்த ரூமுக்குள்ளயே ஆரம்பிச்சுடறான். உறுமறான், நாலு கால்ல நடக்கறான், மேஜை மேல தாவறான். இருந்தவங்க எல்லாம் ஆடிப் போயிடறாங்க. முடிஞ்சதும் முகமூடியைக் கழட்டிட்டு மறுபடி அதே கையைக் கட்டிக்கிட்டு நிக்கற ஆளு.

கார்த்தி 11:44
அப்புறம்? வாய்ப்புக் கிடைச்சுதா?

முருகன் சித்தப்பா 11:47
அவனுக்காகவே யோசிச்சு லெட்டர் போட்டாங்க. கொடுத்த விலாசத்துல ஆள் இல்ல. எங்க தேடியும் கிடைக்கல. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவுல வேலை பாத்தவரு, இப்படி எத்தனை பேர் வாசல்ல நின்னதைப் பாத்திருப்பாரோ. எனக்கு காதரைப் பாத்தா பேச ஒண்ணுமில்ல. சரியான அட்ரஸ் சொல்லுப்பான்னு எழுதி வாங்கிக்கணும், அவ்வளவுதான்.

சாந்தி அத்தை 11:48
முருகா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஏன்டா இப்படி

ரேவதி 11:55
நானும் கொஞ்சம் கனமாத்தான் சொல்லப் போறேன் அத்தை. ஜெயகாந்தனோட "அக்கினிப் பிரவேசம்" அம்மா. 1966ல விகடன்ல வந்த கதை. மழையில எவனோ கார்ல ஏத்திட்டுப் போய் பாழாக்கி விட்டுட்டான், பொண்ணு வீட்டுக்கு வந்து அழுதுக்கிட்டே சொல்லுது. அந்த அம்மா ஒரு விதவை. அவங்க அவளைக் கூட்டிட்டுப் போய் தலையோட தண்ணியைக் கொட்டி, நீ சுத்தம் ஆயிட்டேன்னு சொல்லிடறாங்க. வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடல.

பெரியம்மா 11:57
முதல்ல அடிப்பாளே அவ. அதை விட்டுட்டே.

ரேவதி 12:00
அதனாலதான் பெரியம்மா பாக்கணும்ங்கறேன். அடிச்ச கைதான் சொம்பை எடுக்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல அவங்க மனசுல என்ன ஓடிச்சு? அக்கம்பக்கம் வந்து என்ன சத்தம்னு கேக்கும்போது சமாளிச்சு அனுப்பறாங்களே, அந்த நிமிஷம். எனக்கு ஒரு பொண்ணு இருக்கு, எனக்கு அது வருமான்னு தெரியல.

தென்காசி பெரியப்பா 12:04
அந்தக் கதைக்கு அப்ப பெரிய ரகளை. பெறகு ஜெயகாந்தனே அதைத் திருப்பிப் போட்டாரு. அம்மா ஒப்பாரி வச்சு ஊரைக் கூட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு. அதான் "சில நேரங்களில் சில மனிதர்கள்". 1972ல சாகித்ய அகாதெமி குடுத்தாங்க. ஒரே அம்மா, வாயைத் திறந்ததுக்கு ஒரு நாவல், திறக்காததுக்கு ஒரு சிறுகதை. எனக்கு சிறுகதை அம்மாவைத்தான் பிடிக்கும்.

சாந்தி அத்தை 12:05
எனக்கு அந்த நாவல்ல வர்ற பொண்ணு கங்காவைப் பிடிக்கும். அவகிட்டத் தப்பா நடந்துக்கற அந்த மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டா நான் குழுவை விட்டே போயிருவேன்

கார்த்தி 12:06
வெங்கு மாமா 🤢 கேட்லயே நிறுத்திருவோம்

ரேவதி 12:20
நான் யாழினி. அம்மா போன்லேர்ந்து. நான் எழுதி முடிச்சுட்டேன்

கார்த்தி 12:20
அடிப்பாவி, நாங்க ரெண்டு மணி நேரமா மண்டையை உடைச்சுக்கறோம். யாரு?

ரேவதி 12:24
மங்கம்மாள். ராஜா வந்திருக்கிறார் கதை. தீபாவளிக்கு அம்மா வாசிச்சுக் காட்டினாங்க. அந்த பணக்காரப் பையன் சில்க் சட்டை இருக்கான்னு கேக்கறான்ல, அவ தோத்துப் போனதாவே காட்டிக்க மாட்டா. அவங்க வீட்டுல ஒரு அநாதைப் பையன் வந்து நிக்கறான், அவன் பேரு ராஜா. அவங்க அம்மா அப்பாவுக்கு வாங்கின துண்டை அவனுக்குக் கொடுக்கலாமான்னு தயங்கறாங்க, மங்கம்மாதான் குடும்மான்னு சொல்றா. நான் அவளைப் பாத்தா என் பென்சில் பாக்ஸைக் காட்ட மாட்டேன். காட்டினா அவ ஏதாவது சொல்லி ஜெயிச்சுருவா

தென்காசி பெரியப்பா 12:27
கு. அழகிரிசாமி! ஏட்டி, நீதான்டி கெட்டிக்காரி. இடைசெவல்காரரு. கோவில்பட்டிக்கு அங்கன ரோட்டு மேலயே ஊரு. கி.ரா.வும் அதே ஊரு, ரெண்டு பேரும் 1923ல பொறந்தவங்க. அடுத்த லீவுக்கு வா, பஸ்ஸை நிறுத்தி காட்டித் தாரேன்.

முருகன் சித்தப்பா 12:28
கடைசியில ராஜா எங்க வீட்டுக்கும்தான் வந்திருக்காருன்னு சொல்லுவாளே. அதை எழுதினியா பாப்பா?

ரேவதி 12:29
எழுதல தாத்தா. ஒரு பக்கம்தான். முடிஞ்சு போச்சு

சாந்தி அத்தை 12:30
மிஸ் கதையை வாசிக்கட்டும், எல்லாத்தையும் நாமளே சொல்லணுமா

பெரியம்மா 12:38
[குரல் செய்தி 0:41]

கார்த்தி 12:39
மீட்டிங்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமையும் எடுக்கறானுங்க. யாராவது எழுதிப் போடுங்க

பெரியம்மா 12:42
ஆச்சி பேசுனது. சொல்லுதாக: "எனக்கு ராணியும் வேண்டாம் நந்தினியும் வேண்டாம். தேவன் எழுதுன அந்தத் துப்பறியும் சாம்புவை வரச் சொல்லு. என் மூக்குத்தித் திருகாணி விழுந்து மூணு நாளாச்சு. வீடு பூரா கூட்டிப் பாத்தாச்சு. பேங்குல குமாஸ்தா வேலை பாத்த ஆளு, நம்பி உள்ள விடலாம்."

கார்த்தி 12:43
ஆச்சி 😂😂 சாம்புவுக்குத் துப்பறியவே தெரியாது. எல்லாம் அதிர்ஷ்டத்துல தானா மாட்டும்

முருகன் சித்தப்பா 12:44
அதான் வேணும். தெரிஞ்சவங்க எல்லாம் தேடிப் பாத்தாச்சுல்ல. அவரு தேடவே வேண்டாம், சும்மா கால் தடுக்கி விழுந்தாப் போதும், எழுந்திரிக்கும்போது திருகாணி வேட்டியில ஒட்டிக்கிட்டு வரும்

பெரியம்மா 12:46
ஆச்சி கேக்காக, எப்ப வாராருன்னு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தா ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடணுமாம்.